இரண்டு மணி சீரியலும் ராஜகனியும்

ஜூன் 3, திங்கள்

'எட்டாம் எண் கிணறு' இன்று பார்த்து முடித்தோம். எட்டு எபிசோடு, எட்டிலும் மழை. அந்த இன்ஸ்பெக்டர் ஒரு தடவையாவது குடை பிடித்தானா? நனைந்துகொண்டே யோசிக்கிறான். நம் ஊர்ப் போலீஸ்காரர் யாராவது இப்படி நனைந்தால் மறுநாள் மெடிக்கல் லீவில் இருப்பார். மாட்டு டாக்டர்தான் கொலைகாரன் என்று முதல் எபிசோடிலேயே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் அவனேதான். கிணறு மட்டும் நன்றாக நடித்திருந்தது.

என் சினிமாக் கருத்து லேசுப்பட்டது இல்லை. பத்திரிகைகளில் இருபத்திமூன்று வாசகர் கடிதம் பிரசுரமாகியிருக்கிறது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது ஹெட்மாஸ்டரே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் படத்துக்குப் போவார். இவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம், நான் சென்ற வருஷம்தான் ரிட்டயர் ஆனேன்.

இந்த டைரி மகள் சுகன்யா கொடுத்தது. "அப்பாவப் பத்தி தினமும் எழுதி வைம்மா, டாக்டர் கேட்டா காட்டலாம்" என்று பெங்களூருக்குப் பஸ் ஏறும்போது கையில் திணித்தாள். சரி, எழுதுகிறேன். ஏப்ரல் நாலாம் தேதி இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் தேறிவருகிறது. பேச்சுதான் போய்விட்டது. காது கேட்கும், சொன்னது புரியும், வாயில் மட்டும் 'அது' என்ற ஒரே வார்த்தை. "அது... அது..." என்று அவர் ஆரம்பித்தால், "வெந்நீரா? ஃபேனா? ஜன்னலச் சாத்தணுமா?" என்று நான் அடுக்குவேன். மூன்றாவதிலோ நாலாவதிலோ தலையை ஆட்டிவிடுவார். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவர் கண்ணைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

இன்றிலிருந்து குளிப்பாட்டவும் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஒரு பெண் வருகிறாள். ராஜகனி. முப்பத்தெட்டு வயது. மூலைக்கரைப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து காலை ஒன்பது முதல் ஐந்து வரை இருப்பாள். காதில் தோடு இல்லை, கையில் வளையல் இல்லை, பெந்தெகொஸ்தே சபை. இவரை 'அண்ணாச்சி' என்றாள், என்னை 'மைனி' என்றாள். வந்த அன்றே உறவு கொண்டாடுகிறாளே என்று இருந்தது. வேலை சுத்தம்தான். குறை சொல்ல முடியாது.

ஜூன் 5, புதன்

மத்தியானம் கண்ணசந்துவிட்டேன். எழுந்து வந்தால் ஹாலில் டிவி அலறுகிறது. 'அரளிப்பூ அரண்மனை'! மூன்று வருஷமாக ஓடுகிற இரண்டு மணி சீரியல். அதை எழுதியவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் எனக்கு. கதாநாயகிக்கு மூன்று தடவை ஞாபகம் போய்விட்டதாம். மாமியார்க்காரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்வதுபோல் ஒரு சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். தூங்கும்போதும் முகத்தில் மேக்கப். எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் குப்பைக்கு எப்போதும் இடம் கிடையாது. இவரும் என் கட்சிதான். நல்ல படம் எது, சாரமில்லாதது எது என்று நான் சொன்னால் "ம்" என்பார், அதற்கு மேல் விவாதமே இருக்காது.

"யாரு போட்டது இத?" என்றேன்.

"அண்ணாச்சிதான் ரிமோட்ட அமுக்குனாவ மைனி" என்றாள் ராஜகனி.

இடது கை விரல் தவறிப் பட்டிருக்கும். பாவம்.

ஜூன் 6, வியாழன்

தக்காளி ரசம், சேனை வறுவல். வெயில் தாங்கவில்லை. இவர் இன்றும் 'அது' தான்.

ஜூன் 10, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டே காலுக்கு நான் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் அந்தப் பாழாய்ப்போன சீரியல். ராஜகனி இவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே கேட்கிறாள்: "அண்ணாச்சி, இந்த மீசக்காரன் யாரு? புருசனா? புருசன்னா இவா ஏன் கதவச் சாத்துதா?"

பதில் இல்லை. அவளும் விடவில்லை, வேறு பேச்சும் பேசவில்லை. விளம்பரம் வந்தது, போனது. அப்புறம் ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரவென்று.

"கொ... கொழுந்தன்."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்னங்க! என்ன சொன்னிய? இன்னொரு தடவ சொல்லுங்க. கொழுந்தன்தான? கொழுந்தன்னு சொன்னியள்லா?" என்று அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "அது" என்றார்.

அறுபத்தேழு நாள் ஆயிற்று. மலச்சிக்கலிலிருந்து மருந்து வரை நான் பார்க்கிறேன். சங்கிலிபூதத்தாருக்கு நேர்ந்துகொண்டவள் நான். முதல் வார்த்தை எனக்கு இல்லையாம். டிவியில் வருகிற ஒரு மீசைக்காரக் கொழுந்தனுக்காம்! அதுவும் வந்து ஏழு நாளான ஒருத்திக்காக!

சுகன்யாவிடம் சொன்னேன். போனிலேயே அழுதுவிட்டாள். "ராஜகனி அக்காட்ட போனக் குடும்மா" என்றாள். கொடுத்தேன். பத்து நிமிஷம் பேசினார்கள். பாத்திரத்தையெல்லாம் இரண்டு தடவை தேய்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கு நான் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு நானும் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். இந்த மாதிரி சீரியலுக்கு முன்கதை வேண்டுமா என்ன, ஐந்து நிமிஷம் பார்த்தால் எனக்கு அத்தனையும் பிடிபட்டுவிடும். ராஜகனி கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். நொண்டுகிறவன் நிஜத்தில் நொண்டி இல்லை, நடிக்கிறான். அந்தப் பால் டம்ளரை யாரும் குடிக்கப் போவதில்லை, பூனைதான் தட்டிவிடும். தட்டிவிட்டது.

ராஜகனி "ஓஹோ" என்றாள், "அப்படியா மைனி" என்றாள். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அசதி போல.

ஜூன் 14, வெள்ளி

பேச்சுப் பயிற்சி டாக்டரம்மாவிடம் போனோம். சின்னப் பெண். சுகன்யாவைவிட நாலு வயது குறைவாக இருப்பாள். "சார், காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். "ரெண்டு இட்லி, மல்லித் துவையல்" என்றேன். "எப்படி வந்தீங்க சார்?" "ஆட்டோல." "வீட்ல பொழுது எப்படிப் போகுது சார்?" "படம் பார்ப்போம், நல்ல படமாத் தேடிப் பார்ப்போம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்" என்றாள். மரியாதை தெரியாத தலைமுறை. வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகையில் ஒரு சினிமா விமர்சனம் படித்தேன். விமர்சனமா அது? கதையை மட்டும் எழுதிவிட்டுப் படம் சுமார் என்று முடித்திருந்தான்.

சாயங்காலம் சுகன்யாவிடம் சொன்னால் அவளும் அந்தப் பெண் கட்சி. "அப்பா வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்துவியேம்மா" என்கிறாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

வயிறு எரிகிறது. எழுதித்தான் விடுகிறேனே, யார் பார்க்கப் போகிறார்கள்.

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால் ஹாலில் சிரிப்புச் சத்தம். இவர் சிரிக்கிறார்! தோள் குலுங்குகிறது. ராஜகனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் படியிலேயே நின்றேன்.

"அப்ப வெசம் பால்ல இல்லியா அண்ணாச்சி?"

"பால்ல... இல்ல." மூச்சு வாங்கினார். "பூ... பூவுல."

"அட கர்த்தரே! மாமியாளுக்குத் தெரியுமா?"

"தெ... தெரியும். அவதான்... வச்சா."

எண்ணிப் பார்த்தேன். ஆறு வார்த்தை. எனக்குச் சொல்லாத ஆறு வார்த்தையை ஒருத்தியிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் எதைப் பற்றி? அரளிப்பூவில் விஷம் வைத்த கதை! உலகத்தில் எவ்வளவு நல்ல படம் இருக்கிறது, இவருக்கு நான் காட்டியது எவ்வளவு!

உள்ளே போனதும் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு அமைதி விழுமே, அது.

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். தெரியாமல் இல்லை. கோவிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினேன். எரிகிற சூடத்தைப் பார்த்தபோதும் அவள் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

ஜூன் 19, புதன்

ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்தேன். "டிவி கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். நோயாளிக்கு இவ்வளவு சத்தம் ஆகாது.

ஜூன் 21, வெள்ளி

ராஜகனி தன் போனில் போட்டுக் காட்டுகிறாள்! உள்ளங்கை அகலப் போன். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு அதைக் குனிந்து பார்க்கிறது. அவர் இடது கை விரலால் திரையைத் தொட்டு யாரையோ காட்டுகிறார். அவள் "மெதுவாச் சொல்லுங்க அண்ணாச்சி, அவசரமே இல்ல" என்கிறாள்.

அவசரமே இல்லையாம். யார் வீட்டில் யாருக்கு அவசரம் இல்லை?

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். "நாளைல இருந்து நீ வர வேண்டாம். மக வாரா, அவளே பாத்துக்கிடுவா."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் என்ன தப்பு செஞ்சேன் மைனி?"

"தப்பு ஒண்ணும் இல்ல. மக வாரா."

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

"அவிய உறங்குதாவ" என்றேன். உறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வரவில்லை. மகளுக்கு இது தெரியவே தெரியாது.

ஜூன் 22, சனி

பேட்டரியைத் திரும்பப் போட்டேன். ரிமோட்டெல்லாம் பெருங்காய நெடி. 'மாப்பிள்ளை வந்த ரயில்' போட்டேன். கறுப்பு வெள்ளை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் டெண்ட் கொட்டகையில் பார்த்த படம். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நடிப்பு இருக்கிறதே, இப்போது யாரால் முடியும்? ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் இவருக்கு எடுத்துச் சொன்னேன். இப்போது கொடி காட்டுவான் பாருங்க, இப்போது அவள் திரும்புவாள் பாருங்க.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 24, திங்கள்

'அது' கூட வரவில்லை.

ஜூன் 26, புதன்

மூன்று நல்ல படம் காட்டியாயிற்று. எதற்கும் முகத்தில் ஒரு அசைவு இல்லை. இரண்டு மணி ஆனால் தலை மட்டும் வாசல் பக்கம் திரும்புகிறது. "தண்ணியா? காப்பியா? பாத்ரூமா? முதுகு வலிக்கா?" எதற்கும் தலையாட்டல் இல்லை. இரண்டு தோசை வைத்தால் ஒன்றைத் தள்ளிவிடுகிறார்.

"நான் என்ன செய்யணும்ங்கிய?" என்று கத்திவிட்டேன். "அவா வேணும், அதானே? சொல்லுங்களேன்! அவான்னா வாய் தெறக்கும், நான்னா பூட்டிக்கிடும், அதானே!"

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திறந்த வாய் மூடிக்கொண்டது என்று சொன்னேன். "ஸ்ட்ரோக் வந்து முதல் ஆறு மாசம்தான்மா முக்கியம். இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்" என்றாள். அதில் இரண்டே முக்கால் மாதம் போய்விட்டது.

ஜூன் 28, வெள்ளி

மானத்தை விட்டுவிட்டு ராஜகனிக்குப் போன் செய்தேன். தூத்துக்குடியில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாளாம். வீட்டோடு தங்கல். செப்டம்பர் வரைக்கும் வர முடியாதாம்.

"அவிய பேசவே மாட்டேங்காவ ராஜகனி. நீ என்ன செஞ்ச? அத மட்டும் சொல்லு."

"நான் ஒண்ணுமே செய்யல மைனி."

"பொய் சொல்லாத. ஒங்கிட்ட எப்படிப் பேசுனாவ?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சபைல சொல்லிராதிய மைனி" என்று ஆரம்பித்தாள். அவர்கள் சபையில் சீரியல் பார்க்கக் கூடாதாம். வீட்டில் டிவியே கிடையாதாம். "அண்ணாச்சி போட்டாவ, கண்ணு தன்னால அங்கன போயிட்டு. யாரு மகன், யாரு மருமகன், ஒரு எழவும் வெளங்கல. அதான் கேட்டேன். அவிய சொல்லுத வரைக்கும் நானும் என்ன செய்ய? எனக்குத்தான் தெரியாதே! காத்துக்கிட்டு கெடந்தேன்."

"அவியளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நாங்க அதெல்லாம் பாக்கவே மாட்டோமே."

"ஐயோ மைனி, அண்ணாச்சிக்கு மொத எபிசோடுல இருந்து அத்துப்படி! நீங்க ஆபீஸ் போன காலத்துல இருந்தே பாக்காவளாம். பெறகு நீங்க மத்தியானம் படுக்கும்போது சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாப்பாவளாம். ஒங்ககிட்ட சொல்லிராதன்னு சொல்லத்தான் அவியளுக்கு ரெண்டு நாளாச்சு."

மூன்று வருஷம். எனக்குத் தெரியாமல், என் வீட்டில், என் டிவியில், சத்தத்தைக் குறைத்து வைத்து.

வேறு எவளுடனாவது ஓடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது என்று தோன்றுகிறது. இல்லை, இருந்திருக்கும். ஆனால் இது வேறு மாதிரி எரிகிறது. இவர் என் கட்சி என்றுதான் முப்பத்தாறு வருஷமாக நினைத்திருந்தேன். ஒரு படத்தைப் பற்றியாவது அவர் என்ன நினைத்தார் என்று கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். "நல்லா இல்ல, என்னங்க?" என்று கேட்டிருக்கிறேன். அதுவும் கேள்வி போலத்தான் இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

இரண்டு மணிக்கு நானே சீரியலைப் போட்டேன். இவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பச்சப் பொடவ யாரு?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார். உதடு கூடியது. "மூ... மூ..."

"மூத்த மருமகளா?" என்றேன்.

தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார். என் வாயிலேயே நான் இரண்டு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரை நிமிஷம் பொறுக்க முடியவில்லையே எனக்கு.

ஜூலை 2, செவ்வாய்

இன்றைக்கும் அதே கதை. மூன்று கேள்வி கேட்டேன், மூன்றுக்கும் நானே பதில் சொன்னேன். ராஜகனிக்கு நிஜமாகவே தெரியாது, அவளால் காத்திருக்க முடிந்தது. எனக்குத் தெரிந்து தொலைக்கிறதே!

ஜூலை 4, வியாழன்

சுண்டக்குழம்பு, அப்பளம். ஒன்றரைக்கெல்லாம் சாப்பாட்டை முடித்துவிட்டோம்.

இரண்டு மணிக்குச் சீரியலைப் போட்டுவிட்டு இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மாமியார்க்காரி சாவிக்கொத்தோடு வந்தாள். தலைப்பை எடுத்துவிட்டு, "இந்த அம்மா பேரு என்ன?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் கடித்துக்கொண்டேன்.

அவர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு கூடுவதும் பிரிவதுமாக இருந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. தலைப்பை விடவில்லை.

"ஒனக்கு..." என்றார். மூச்சு வாங்கினார். "ஒனக்கு... இது... புடிக்காதே."

மூன்று மாதம் கழித்து அவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இது. இதையே அவர் மூன்று வருஷமாக எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார் என்றும் தோன்றியது. ஆயிரம் பதில் இருந்தது என்னிடம். யார் சொன்னது பிடிக்காது என்று, எனக்கு எல்லாம் பிடிக்கும் என்று, நீங்கள் பேசினால் எதுவும் பிடிக்கும் என்று. எல்லாம் பொய், அவருக்கும் தெரிந்துவிடும்.

"புடிக்காதுதான்" என்றேன். "ஒங்களுக்குப் புடிக்கும்லா. சொல்லுங்க."

அவர் தோள் குலுங்கியது. எனக்காகச் சிரித்தார். ராஜகனிக்குச் சிரித்த அளவு இல்லை, அதில் பாதிதான். பரவாயில்லை என்று எழுத ஆசை, ஆனால் பரவாயில்லையாக இல்லை.

அப்புறம் மாமியார்க்காரியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். "சௌ... சௌ..." என்று நின்றுவிட்டார். இடது கையால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார். முகம் சிவந்தது. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தது, நகைக்கடை வந்தது, திரும்பவும் சீரியல் வந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியும். கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் தினமும் போடுகிறான். நாக்கு நுனியில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார். நான் சொல்லவில்லை. எபிசோடே முடிந்துவிட்டது, பெயர் ஓட ஆரம்பித்தது, எழுந்து போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சௌதா..." என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சௌதாமினி."

"ஓஹோ" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாது."